காயப்போடக் களம் இல்லாதவருக்கு எந்த விலை?

ஆசிரியருக்கு வணக்கம்.

வேளாண் சந்தையைத் திறந்துவிட்டால் ஏழை விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்று தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். தாண்டிக்குடியில் எனக்கு ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம். எங்களுக்குச் சந்தை திறந்து வெகுகாலம் ஆகிறது.

என் அப்பா காலத்தில் விளைந்த காப்பியை மத்திய அரசின் காப்பி வாரியத்திடம்தான் கொடுக்க வேண்டும். பணம் தவணை தவணையாக வரும். கடைசித் தவணை கைக்கு வருவதற்குள் காப்பிச் செடியைப் பூக்கவைக்கும் அடுத்த பூ மழையே பெய்துவிடும். 1992-ல் கொஞ்சம் தளர்த்தி, 1996-ல் அந்த முறையை முழுதாக எடுத்தார்கள். பிடித்தவரிடம் விற்கலாம், அன்றைக்கே காசு. நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன்!

ஆனால் எந்த நாடு எவ்வளவு காப்பி விற்கலாம் என்று உலக நாடுகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்த ஏற்றுமதி ஒதுக்கீடு 1989-லேயே நின்றுபோயிருந்தது. அதன் சூடு எங்களுக்கு 2001-ல்தான் உறைத்தது. வியட்நாம் காப்பி வந்து குவிய, விலை படுத்துவிட்டது. பறிப்புக் கூலிக்கே கட்டவில்லை. நான் மிளகை விற்றுச் சமாளித்தேன். என் தோட்டத்தில் பழம் எடுத்த அக்காவிடம் விற்க என்ன இருந்தது? குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார்.

சரி, விலை ஏறும்போதாவது? 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா வகைக் காப்பி பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. பக்கத்துத் தோட்டத்துத் தம்பிக்கு முக்கால் ஏக்கர். களம் கிடையாது. பழத்தை வைத்திருந்தால் புளித்துவிடும். பறித்த அன்றே கொடுத்தாக வேண்டும். அதுவும் ஆடி மாதமே முன்பணம் கொடுத்திருந்த வியாபாரிக்கு, அவர் சொன்ன விலைக்கு. மார்கழியிலேயே தம்பியின் விற்பனை முடிந்துவிட்டது. சிமெண்ட் களமும் குடோனும் உள்ள எஸ்டேட்காரர்கள் இரண்டு வாரம் காயவைத்து, மூட்டை கட்டி, மாசி வரை பொறுத்து விற்றார்கள். நான் பாதியைத் தார்ப்பாயில் காயப்போட்டேன். மீதியை நானும் பழமாகத்தான் கொடுத்தேன்.

கிடங்கில் வைத்த சரக்குக்குக் கடன் உண்டே என்பார்கள். காய்ந்த மூட்டைக்கு உண்டு; பச்சைப் பழத்துக்கு யார் தருவார்? முதலில் ஊருக்கு ஒரு பொதுக்களம் வேண்டும். ஊராட்சியில் மனு கொடுத்திருக்கிறோம். கார்த்திகையில் பறிப்பு தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
ஒரு காப்பி விவசாயி,
தாண்டிக்குடி, திண்டுக்கல் மாவட்டம்.