மூடிவிட்டுப் போன ஜிம்மிடமிருந்து எங்கள் முன்பணத்தை மீட்டுத் தரக் கோரி மனு

அனுப்புநர்
மூடப்பட்ட உடற்பயிற்சிக் கூடத்தின் உறுப்பினர்கள் 71 பேர் சார்பாக, அவர்களில் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி மாநகரம்.
(பெயர், முகவரி, கையொப்பங்கள் இணைப்பில்)

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: ஆண்டுக் கட்டணம் வசூலித்துவிட்டு முன்னறிவிப்பின்றி மூடப்பட்ட உடற்பயிற்சிக் கூடம் குறித்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 16-இன் கீழ் விசாரணை நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த 24.11.2025 திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஜிம்முக்குப் போனவர்கள் கண்டது இறக்கிய ஷட்டரும் அதில் ஒட்டியிருந்த ஒரு தாளும்தான். பராமரிப்பு வேலைக்காக இரண்டு நாள் விடுமுறை என்று அதில் எழுதியிருந்தது. சரி, இரண்டு நாள்தானே என்று திரும்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் போனால் தாளையும் காணோம், உரிமையாளரும் போனை எடுக்கவில்லை. ஜிம்மின் வாட்ஸ்அப் குழுவில் கேள்வி கேட்டவர்களை ஒவ்வொருவராக நீக்கினார்கள். அப்புறம் நாங்களே ஒரு குழு தொடங்கினோம். அதில் இன்று 87 பேர் இருக்கிறோம். பணம் கட்டியதற்கு ரசீதோ வங்கிக் கணக்கு விவரமோ கையில் வைத்திருப்பவர்கள் 71 பேர். இவர்கள் பணம் கட்டியும் பயன்படுத்த முடியாமல் போன மாதங்களுக்கான தொகை மட்டும் ரூ.9,46,500.

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்தே வேலை. சர்க்கரை கூடிவிட்டது, உடம்பை அசைக்காவிட்டால் மாத்திரையைக் கூட்டவேண்டி வரும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் சேர்ந்தேன். அங்கே காலை பத்து முதல் பன்னிரண்டு வரை பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்தார்கள். கடையை ஒரு மணி நேரம் தங்கை பார்த்துக்கொள்வாள். 'தீபாவளி ஆஃபர், 12 மாதம் கட்டினால் 15 மாதம்' என்றார்கள். 08.10.2025 அன்று ரூ.11,500 கட்டினேன். ஏழு வாரம்கூடப் போகவில்லை. என் கதை இவ்வளவுதான். என்னைவிட அதிகம் இழந்தவர்கள் எங்களில் பலர். காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் ஆறு பேர் சேர்ந்து பணம் கட்டியிருந்தார்கள். கயிறு ஏறுவதற்குத் தோள் பலம் வேண்டுமே என்று வீட்டில் கேட்டு வாங்கிய பணம் அது. இப்போது அண்ணா விளையாட்டரங்கப் பக்கம் ஓடிப் பழகுகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மூன்று ஆண்டுக்குச் சேர்த்து ரூ.21,000 கட்டியிருக்கிறார்.

தொழில் நொடித்துப்போவது யாருக்கும் நேரலாம். நானும் கடை நடத்துபவள்தான், ஒரு முறை வாடகை கட்ட முடியாமல் நகையை அடகு வைத்தவள். இது அப்படிப்பட்ட நஷ்டம் மட்டுமாக இருந்திருந்தால் இந்த மனுவை இவ்வளவு அழுத்தி எழுதியிருக்க மாட்டேன். தாங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது தேதிகளை.

வாடகை பாக்கிக்காக இடத்தைக் காலி செய்யச் சொல்லி, கட்டிட உரிமையாளர் 2025 ஆகஸ்ட் மாதமே வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அதன் நகலை எங்களிடம் அவரே கொடுத்தார். நோட்டீஸ் கைக்கு வந்த பிறகுதான் ஆயுதபூஜை ஆஃபர், தீபாவளி ஆஃபர், மூன்று ஆண்டு ஆஃபர் எல்லாம் வந்தன. கல்லா மேசையில் அதுவரை ஜிம்மின் பெயரில் இருந்த கியூஆர் அட்டையை அக்டோபர் முதல் வாரத்தில் எடுத்துவிட்டு, வேறொரு தனிநபரின் கணக்குக்குப் பணம் போகும் அட்டையை வைத்தார்கள். மெஷின் கோளாறு என்றார்கள், நாங்களும் நம்பினோம். கடைசியாக 22.11.2025 சனிக்கிழமை மாலை, அதாவது மூடுவதற்கு முந்தைய வேலை நாளில், இரண்டு கல்லூரி மாணவிகளிடம் தலா ரூ.8,000 வாங்கியிருக்கிறார்கள். அந்த மாணவிகள் ஒரு நாள்கூட உள்ளே போகவில்லை. கடையை மூடப்போவது தெரிந்தே வாங்கிய பணம் இது என்று சொல்ல இதற்கு மேல் என்ன வேண்டும்?

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு எங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு நான்கு முறை போனோம். 'இது சிவில் மேட்டர், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்க' என்பதுதான் நான்கு முறையும் கிடைத்த பதில். நான்காவது முறை மனு ரசீது மட்டும் தந்தார்கள். வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால் அது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 318-இன் கீழ் மோசடிக் குற்றம் என்று எங்களில் சட்டம் படிக்கும் ஒரு பெண் சொல்கிறாள். அந்த எண்ணம் இருந்ததா இல்லையா என்பதற்குத்தான் மேலே சொன்ன தேதிகள்.

கன்ஸ்யூமர் கோர்ட் என்று சொல்லும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகத்தான் போகிறோம். ஒரே பாதிப்புக்கு உள்ளானவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கலாம், தனித்தனியாகக் கொடுத்தால், கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது என்று தெரிந்துகொண்டோம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்தோம். எதிர்த்தரப்பு பதில் தரவில்லை என்று முடித்துவிட்டார்கள். ஆளே இல்லாதபோது பதில் எங்கிருந்து வரும்? ஆணையத்திலும் இதே சிக்கல்தான். நோட்டீஸ் அனுப்ப முகவரி வேண்டும், உரிமையாளர் குடியிருந்த வாடகை வீட்டையும் காலி செய்துவிட்டார். அவர் எங்கே இருக்கிறார், பணம் யார் கணக்கில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. அரசுக்கு இருக்கிறது.

அதனால்தான் தங்களிடம் வந்தோம். ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட நுகர்வோர் கூட்டமாக இருந்தால், நேர்மையற்ற வணிக நடைமுறை குறித்து மாவட்ட ஆட்சியரே விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பலாம் என்று 2019-ஆம் ஆண்டு சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. பிரிவு 17-இன்படி அப்படிப்பட்ட புகாரைத் தங்களிடமே கொடுக்கலாம். இந்த மனுவை அந்தப் புகாராகவே ஏற்றுக்கொள்ள வேண்டும். குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, ரசீதில் கெடு எதுவும் இல்லாவிட்டால் முப்பது நாளுக்குள் திருப்பித் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறைதான் என்று அதே சட்டம் சொல்கிறது. ஜிம் மூடி இன்றோடு 42 நாள் ஆகிறது.

ரசீதின் கீழே 'கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். வருவதை நாங்களே நிறுத்திக்கொண்டால் அந்த வாசகம் எங்களுக்குப் பொருந்தும் என்று வைத்துக்கொள்ளலாம். கதவைப் பூட்டிக்கொண்டு போனவருக்கு அது எப்படிப் பொருந்தும்?

ரசீது என்றதும் இன்னொன்று. எனக்குக் கொடுத்த பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். ஜிம் சேவைக்கான வரி 22.09.2025 முதல் 5 சதவீதம்தான். அக்டோபரில் எங்களிடம் வாங்கிய அந்த 18 சதவீதம் அரசுக்குப் போனதா என்பதை வணிகவரித் துறை பார்க்க வேண்டும். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் பதிவு ரத்து என்று வருகிறது. பதிவு செய்யும்போது கொடுத்த நிரந்தர முகவரியும் வங்கிக் கணக்கும் துறையிடம் இருக்கும். உரிமையாளரைத் தேடுபவர்களுக்கு அதுவே வழிகாட்டும்.

எங்களில் ஒன்பது பேரின் நிலைமை இன்னும் மோசம். பர்சனல் டிரெயினர் பேக்கேஜுக்கு ரூ.24,000 கேட்டு, கையில் இல்லை என்றதும், வட்டியில்லாத ஈஎம்ஐ என்று அங்கேயே ஒரு கடன் செயலியில் கையெழுத்து வாங்கினார்கள். கடன் தொகை மொத்தமும் அன்றே ஜிம்முக்குப் போய்விட்டது. ஜிம் இல்லை, ஆனால் மாதா மாதம் ஐந்தாம் தேதி ரூ.2,000 கணக்கிலிருந்து கழிகிறது. இன்றும் ஐந்தாம் தேதிதான். நிறுத்தச் சொன்னால், கடன் வாங்கியவர் நீங்கள், ஜிம்மோடு உள்ள தகராறு எங்களுக்குச் சம்பந்தமில்லை என்கிறது கடன் நிறுவனம். கணக்கில் பணம் இல்லாமல் விட்டால் அபராதமும் சேர்கிறது, சிபில் மதிப்பெண்ணும் போகிறது. மகளின் கல்லூரிக் கடனுக்கு மனு போட்டிருக்கும் ஒரு தாய் அந்தப் பயத்திலேயே, கிடைக்காத சேவைக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். தங்கள் தலைமையில் நடக்கும் வங்கியாளர் ஆலோசனைக் கூட்டத்தில் ரிசர்வ் வங்கியின் அதிகாரியும் இருப்பார். விசாரணை முடியும்வரை இந்தத் தவணைகளை நிறுத்திவைக்க, மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியின் மேலாளர் மூலம் அந்த நிறுவனத்துக்கு எழுதச் சொல்லி உதவ வேண்டும்.

டிரெட்மில், எடைத்தட்டுகள், கேபிள் மெஷின் என்று சில பொருள்கள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. நல்ல மெஷின்களை மூடுவதற்கு முன்பே ஒரு இரவில் லாரியில் ஏற்றியதாக எதிர்வீட்டுக்காரர் சொல்கிறார். மிச்சத்தை வாடகை பாக்கிக்காகக் கட்டிட உரிமையாளர் பிடித்துவைத்திருக்கிறார். அவருக்கும் நஷ்டம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் விற்றுவிட்டால் எங்களுக்கு மிஞ்சுவது ரசீது மட்டும். வட்டாட்சியரையோ காவல்துறையையோ அனுப்பி அந்தப் பொருள்களைப் பட்டியல் எடுத்துவைத்தால் போதும். நுகர்வோர் ஆணையத்தில் இடைக்கால உத்தரவை நாங்கள் கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

பெண்கள் இன்னொன்றையும் எழுதச் சொன்னார்கள். சேரும்போது ஆதார் நகல், கைரேகை, போன் எண் எல்லாம் வாங்கினார்கள். எடை குறைந்ததைக் காட்டுவதற்கென்று சிலரைப் படமும் எடுத்திருக்கிறார்கள். அந்தக் கணினி இப்போது யாரிடம் இருக்கிறதோ தெரியவில்லை. பணத்தைவிட இதை நினைத்துத் தூக்கம் வராதவர்கள் எங்களில் உண்டு. கணினியையும் கைரேகை மெஷினையும் கைப்பற்றச் சொல்லி மாநகரக் காவல் ஆணையருக்கு எழுத வேண்டும். அங்கே வேலை பார்த்த டிரெயினர் பையன்கள் நான்கு பேருக்கும் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. கோபத்தில் சிலர் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றார்கள், அது தவறு. விசாரணையில் அவர்களைச் சாட்சிகளாகத்தான் நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கடைசியாக, நாளை வேறொரு தெருவில் நடக்கக்கூடியதைப் பற்றி. சீட்டு நடத்த வேண்டுமானால் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டுத் தொகைக்குச் சமமான பிணையத்தை முன்கூட்டியே கட்டவேண்டும். வீடு கட்டி விற்பவர் வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போடவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. ஜிம், டியூஷன் சென்டர், நீச்சல் வகுப்பு என்று ஓராண்டு, மூன்றாண்டுப் பணத்தை மொத்தமாக வாங்குபவர்களை மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் வாங்கினால் பிணையமோ தனிக் கணக்கோ வேண்டும் என்று மாநில அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். மாநகராட்சி தொழில் உரிமம் கொடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும், எத்தனை பேரிடம் எவ்வளவு முன்பணம் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதி வாங்கினாலே பாதிப் பிரச்சினை தெரிந்துவிடும். எங்கள் ஜிம்முக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள இன்னொரு ஜிம்மில், பழைய ரசீதைக் காட்டினால் ஒரு மாதம் இலவசம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நல்ல மனசா, வியாபார யுக்தியா தெரியவில்லை. எங்களில் போன இரண்டு பேர் அங்கேயும் ஓராண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு வந்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுக்கள் பெரும்பாலும் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கே திரும்பிப் போய், 'மனுதாரருக்கு அறிவுரை வழங்கப்பட்டது' என்று முடிவதைப் பார்த்திருக்கிறோம். இந்த மனுவை அதே காவல் நிலையத்துக்கு அனுப்பாமல், மாநகரக் குற்றப்பிரிவின் விசாரணைக்குப் பரிந்துரைத்தும், பிரிவு 16-இன் கீழ் ஓர் அதிகாரியை நியமித்தும் உதவ வேண்டுகிறோம். ஜிம்மின் பெயர், உரிமையாளர் விவரம், 71 பேரின் தொகைப் பட்டியல், ரசீது நகல்கள், வங்கிக் கணக்கு விவரங்கள், கட்டிட உரிமையாளரின் நோட்டீஸ், காவல் நிலைய மனு ரசீது, இரண்டு கியூஆர் அட்டைகளின் படங்கள் ஆகியவற்றை இணைத்திருக்கிறோம். விசாரணைக்கு எந்த நாள் அழைத்தாலும் வருகிறோம். காலை பத்து மணிக்கு மேல் என்றால் கடையைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு வர எனக்கு வசதியாக இருக்கும்.

நன்றி.

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 05.01.2026

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உறுப்பினர்கள் 71 பேர் சார்பாக
(கையொப்பம்)