பூட்டிய ஆய்வகமும் விலங்கியல் பட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்த என் மகளை விலங்கியல் பட்டப்படிப்பில் சேர்ப்பதற்காக நாங்கள் பார்க்கச் சென்ற கல்லூரி ஒன்றில், வண்ணக் கையேட்டில் பளபளத்த ஆய்வகம் பூட்டிக் கிடந்தது. சாவி வந்து சேர அரை மணி நேரமாயிற்று. உள்ளே ஃபார்மலின் பாதி வற்றிய குடுவைகளில் பெயர்ச்சீட்டு உதிர்ந்த தவளைகளும், கண்வில்லை இல்லாத இரண்டு நுண்ணோக்கிகளுமே இருந்தன.

விலங்குகளை அறுத்துப் பயில்வதைக் கைவிடுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2014-இல் அறிவுறுத்தியது சரியே; ஆனால் அதையே சாக்காக்கி, செய்முறை வகுப்பு முழுவதையும் கணினித் திரைக்குள் அடக்கிவிடுவது முறையன்று. குளத்து நீரில் மிதவை உயிரிகளை எண்ணுவதும், பறவைகளை இனங்கண்டு குறிப்பதும் களத்தில்தான் கைவரும். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டியே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அமைந்திருப்பது காரணமின்றி அல்ல. நம் பக்கத்திலோ, தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் காத்துவரும் வேட்டங்குடி சரணாலயத்தில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டுகின்றன. அங்கே மாணவர்களை அழைத்துச் செல்ல ஒரு பேருந்து போதும்.

எனவே, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் செய்முறை, ஒரு நுண்ணோக்கிக்கு எத்தனை மாணவர், ஆண்டுக்கு எத்தனை நாள் களப்பணி என்பவற்றைச் சேர்க்கை அறிவிப்பிலேயே வெளியிடுமாறு பல்கலைக்கழகங்கள் கல்லூரிகளைப் பணிக்க வேண்டும். அதுவரை பெற்றோர், கட்டண விவரம் கேட்கும் முன், இரண்டாமாண்டு மாணவர் ஒருவரின் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர்,
காரைக்குடி.