எதையும் பூட்டி வைத்துவிட்டுப் போகாதே

கொக்குவில்

அன்புள்ள மகளுக்கு,

கனடா விசா வந்த செய்தி கேட்ட அன்றே அப்பா நல்லூருக்குப் போய் அருச்சனை செய்துவிட்டு வந்தார். எனக்கும் மனம் நிறைந்த சந்தோசம். ஆனால் போனில் கதைக்க வெளிக்கிட்டால் சின்னவன் பறித்துக்கொண்டு ஓடுகிறான், சொல்ல வந்தது பாதியில் நிற்கிறது. அதனால்தான் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். நீயும் மருமகனும் சேர்ந்து வாசியுங்கள்.

முதலில் கடதாசிகள். கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், பதிவுக் கிளையில் வேலை செய்தவள் என்பதால் இதில் எனக்குப் பயம் கொஞ்சம் கூடத்தான். 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தில் இடம்பெயர்ந்து வலிகாமத்துச் சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனது உனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கும், உனக்கு அப்போது ஐந்து வயது. தையல் மெஷினையும் சைக்கிளையும் உருட்டிக்கொண்டு வந்தவர்களில் பலர் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் அலுமாரிக்குள் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அடுத்த வருடம் ஊர் திரும்பிய பிறகு அவர்கள் எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஒரு பெயரும், ஆடி அமாவாசைக்கு அடுத்த நாள் பிறந்தவன் என்பது போல ஒரு குறிப்பும்தான் அவர்களிடம் இருக்கும். பதிவுப் புத்தகத்தில் கிடைக்காவிட்டால் காலங்கடந்த பதிவு, அதற்கும் வழியில்லை என்றால் அனுமான வயதுச் சான்றிதழ். ஒரு தாள் இல்லாமல் கலியாணமும் வேலையும் பயணமும் தள்ளிப்போன பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அந்த அலைச்சல் உங்களுக்குக் கடல் தாண்டிப் போன இடத்தில் வரக்கூடாது.

உங்கள் வீட்டில் நான் முதலில் பார்க்கச் சொல்வது பெயர்களைத்தான். உன்னுடைய பிறப்புச் சான்றிதழும் மருமகனுடையதும் தமிழில், பிள்ளைகளுடையது சிங்களத்தில். வேறு வேறு ஆட்களிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தால் மருமகனின் அப்பா, உன் மாமாவின் பெயரே ஆங்கிலத்தில் மூன்று விதமாக வந்து நிற்கும். நாலு பேருடையதையும் இரண்டு மொழியும் தெரிந்த ஒரே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடு. கொடுக்கும்போது பாஸ்போட்டின் போட்டோக் கொப்பியையும் சேர்த்துக் கொடுத்து, அதில் உள்ள எழுத்துப்படியே எழுதச் சொல். பழைய சான்றிதழ் எதிலாவது எழுத்து வித்தியாசம் இருந்தால் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு சத்தியக்கடதாசி இங்கேயே முடித்து வை. எங்கள் வழக்கப்படி உன் பெயரோடு அப்பாவின் பெயர், பிள்ளைகளின் பெயரோடு மருமகனின் பெயர். அங்கே பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் தாய்க்கும் பிள்ளைக்கும் ஏன் வேறு குடும்பப் பெயர் என்று கேட்கக் கூடும். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் உங்கள் கலியாணச் சான்றிதழும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். வெளிநாட்டமைச்சின் உறுதிப்படுத்தல் எதற்காவது தேவைப்பட்டால் கொழும்பில் வரிசையில் நிற்காதே. அதற்கான கிளை இங்கே மாவட்டச் செயலகத்திலேயே இருக்கிறது, நான் கொண்டுபோய்ச் செய்து தருவேன்.

பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகங்களை எங்கே வைத்திருக்கிறாய்? ஒன்ராறியோவில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தடுப்பூசி விபரம் கேட்பார்கள். எங்கள் நாட்டில் சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான எம்எம்ஆர் ஊசியின் முதல் டோஸ் ஒன்பதாம் மாதத்தில் போடுகிறார்கள். அங்கே ஒரு வயது முடிந்த பிறகு போட்டதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். கொப்புளிப்பான் ஊசியும் அங்கே கேட்பார்கள், அது எங்கள் அரசாங்க அட்டவணையில் இல்லை. பிள்ளைகளுக்கு இன்னும் ஊசி தேவை என்று சொன்னால் பதறாதே, புத்தகத்தைக் காட்டினால் எது குறைகிறதோ அதை மட்டும் போடுவார்கள். புத்தகம் இல்லாவிட்டால்தான் எல்லாவற்றையும் முதலில் இருந்து போட வேண்டி வரும்.

மூத்தவளின் விடுகைப் பத்திரம், உன் பல்கலைக்கழகப் பெறுபேற்றுப் பத்திரம் மூடி முத்திரையிட்டதாக இன்னும் ஒன்று, மருமகன் எந்த ஆண்டில் லைசன்ஸ் எடுத்தார் என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தரும் கடிதம், இவையும் வேண்டும். கடிதம் இருந்தால் அங்கே வாகனம் ஓட்டும் சோதனைக்குக் காத்திருக்கும் காலம் குறையும். மூலப் பிரதிகள் ஒன்றையும் பெரிய பெட்டிக்குள் போடாதே. கைப்பையில், உன் தோளில். ஒரு முழுத் தொகுதி கொப்பி என்னிடம்.

நகை விசயம். நீ முதல்முறை கனடாவுக்குள் போகும்போது இரண்டு பட்டியல் கொடுக்க வேண்டும். ஒன்று கையோடு கொண்டு போகும் சாமான், மற்றது பிறகு வரப்போகும் சாமான். இரண்டாவதை அன்று கொடுக்காவிட்டால் பிறகு வரும் சாமானுக்கு வரி கேட்பார்கள். தாலிக்கொடி, காப்பு, மூத்தவளின் சங்கிலி ஒவ்வொன்றையும் படம் எடுத்து, நிறையையும் பெறுமதியையும் எழுதி வை. இங்கே வைத்துவிட்டுப் போகும் நகையும், பிறகு அனுப்பச் சொல்வதானால், அந்த இரண்டாவது பட்டியலில் வர வேண்டும். காசாக 10,000 கனேடிய டொலரோ அதற்கு மேலோ கொண்டு போனால் அதையும் சொல்ல வேண்டும். கொண்டு போவது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம்.

சமையல் சாமானில் கிரைண்டரையும் ரைஸ் குக்கரையும் விட்டுவிடு. அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230, கொண்டு போனாலும் ஓடாது. இடியப்ப உரல், தட்டு, நீத்துப்பெட்டி, சுளகு இவை பாரமில்லாதவை, கட்டாயம் எடு. பனையோலைச் சாமான் என்று விமான நிலையத்தில் மறக்காமல் சொல்லிவிடு. மிளகாய்த்தூள் நான் வறுத்து இடித்துத் தருகிறேன். புழுக்கொடியலும் பனங்கட்டியும் அப்பா கட்டாயம் வைப்பார், தடுக்க முடியாது. முருங்கை விதையும் செம்மண்ணும் வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இனி நான் எழுத உட்கார்ந்ததே எதற்காகவோ அது. உன் சீதன வீட்டின் நடு அறை. கொழும்புக்குப் போனபோது பூட்டிய சாமான் எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கிறது. இப்போது இன்னும் கொஞ்சத்தை அதில் அடைத்துவிட்டுப் போகலாம் என்று நீ யோசிப்பது எனக்குத் தெரியும். வேண்டாம் பிள்ளை. எங்கள் ஒழுங்கையில் இப்படிப் பூட்டிய வீடுகளை நாளாந்தம் பார்க்கிறேன். திறப்பு லண்டனிலோ பாரிசிலோ இருக்கும். கறையான் நிலையில் ஏறி அலுமாரிக்குள் போய்க் கூறைச் சேலையைத் தின்னும். கூரை ஓடு விலகினால் பார்க்க ஆளில்லை. வருகிறோம் வருகிறோம் என்று சொல்லி, வந்து திறக்கும்போது எடுத்துப் பாவிக்க ஒன்றும் மிஞ்சாது. முதிரை அலுமாரியும் கதிரைகளும் வீட்டோடு இருக்கட்டும், குடியிருப்பவர்கள் பாவித்தால்தான் அவை நிற்கும். உன் சைக்கிளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்போம், அவள் கோண்டாவிலுக்கு நடந்து ரியூஷனுக்குப் போகிறாள். புத்தகங்கள் வாசிகசாலைக்கு. நீயே வந்து உன் கையால் கொடுக்க வேண்டும். நான் கொடுத்தால் அது வெறுமனே அறை துப்புரவாக்கின மாதிரிப் போய்விடும்.

வீட்டையும் பூட்டி வைக்காதே. நல்ல ஆசிரியக் குடும்பம் ஒன்று கேட்கிறது, எழுத்து ஒப்பந்தத்தோடு வாடகைக்கு விடுவோம். காணியைக் கவனிக்காமல் விட்டால், 10 வருடம் தடையில்லாமல் உரித்தாளிக்கு எதிராக அதை அனுபவித்து வந்தவர் உரிமை கேட்க 1871 ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. வழக்கு என்று வந்தால் நீ அங்கிருந்து என்ன செய்வாய்? அதற்குத்தான் உன் சார்பில் இங்கே ஒருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் அற்றோர்ணித் தத்துவம் எழுத வேண்டும் என்கிறேன். அப்பாவின் பெயரில் எழுது. வாடகை வாங்க, வரி கட்ட, திருத்த வேலை செய்ய, வழக்குப் பேச, இவ்வளவும் போதும். விற்கவும் ஈடு வைக்கவும் அதிகாரம் கொடுக்காதே. அப்பாவின் மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. அந்த அதிகாரம் எழுதிய கடதாசி யாருடைய கையிலும் இருக்கக்கூடாது என்பது என் முடிவு, எங்களுடைய கையிலும் கூட.

யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துச் சட்டமான தேசவழமைப்படி சீதன வீடு உன்னுடையது. ஆனால் விற்பதென்றால் மருமகனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அதனால் நொத்தாரிசிடம் போகும்போது அவரும் பக்கத்தில் இருந்து எல்லாம் விளங்கிக்கொள்ளட்டும். போன பிறகு செய்வதென்றால் ரொறொன்ரோவில் உள்ள எங்கள் துணைத்தூதரகத்துக்கு லீவு எடுத்துக்கொண்டு அலைய வேண்டும். இங்கே அரை நாளில் முடிகிற வேலை. உறுதியின் மூலப் பிரதியை நீ கொண்டு போகாதே. அது இங்கே வங்கிப் பெட்டகத்தில் இருக்கட்டும், படத்தையும் காணிப் பதிவேடான தோம்பின் விபரத்தையும் நீ வைத்துக்கொள்.

நாலு பேரும் ஒருமுறை சேர்ந்து வாருங்கள், பயணத்துக்கு முதல் நாள் அவதிப்பட்டு வருவது வேண்டாம். பிள்ளைகள் கிணற்றடியில் குளிக்கட்டும், நாங்கள் அறையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வரும்போது உங்கள் இரண்டு பேரின் அடையாள அட்டை, பாஸ்போட், கலியாணச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். மருமகனின் பிறப்புச் சான்றிதழை மட்டும் அதற்கு முதல் வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். அது இடம்பெயர்ந்த பிறகு எடுத்த பிரதி என்று சொன்னாய், பதிவு இலக்கம் தெளிவாக இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா