பிள்ளைகள் மெதுவாக ஓடட்டும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

நம் பள்ளியின் நெடுந்தூர ஓட்டக் குழுவில் இந்த ஆண்டு பதினான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பதினான்கு வீடுகளுக்கு மட்டும் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். வருவாய் மாவட்டப் போட்டியில் மூன்று பேர் வென்று மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறார்கள். அன்று மாலை பஸ்ஸை விட்டு அவர்கள் இறங்கியபோது நீங்கள் வெடி வெடித்து வரவேற்றதைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதன் பிறகு என் அறைக்கு வந்த பெற்றோர் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "பிள்ளை இவ்வளவு நன்றாக ஓடுகிறானே, டீச்சர், இன்னும் கடுமையாகப் பயிற்சி கொடுத்தால் இந்திய அளவில் வந்துவிடுவானே? பி.டி. சார் ஏன் இப்படி மெதுவாக ஓடவிடுகிறார்?" கேள்வியில் தப்பில்லை. பதிலைத்தான் நின்ற நிலையில் இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை.

ஒரு நாள் காலை ஐந்தே முக்கால் மணிக்கு நம் கண்மாய்க் கரைக்கு வந்து பாருங்கள். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக ஓடிக்கொண்டே பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்வார்கள். "பதினாறு ஏழு நூற்றுப் பன்னிரண்டு" என்று மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. பாதியில் மூச்சு இழுத்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பிள்ளைகளே அதற்கு வாய்ப்பாட்டு ஓட்டம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாரத்தில் பெரும்பகுதி ஓட்டம் இப்படித்தான் நடக்கிறது. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மட்டும் மைதானத்தில் வேகப் பயிற்சி. மற்ற நாள்களில் சில முறை ஓட்டத்தின் முடிவில் நூறு நூறு மீட்டராக ஆறு தடவை விரைந்து ஓடிக் கால்களை நீட்டிவிட்டு வருவார்கள்.

மெதுவாக ஓடும்போது உடம்புக்குள் பெரிய வேலை நடக்கிறது. இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாக்கள் கூடுகின்றன. இந்த அடித்தளம் இல்லாத பிள்ளை 1500 மீட்டரில் முதல் இரண்டு சுற்றுகளில் முன்னால் ஓடி, கடைசிச் சுற்றில் பின்தங்குவான். நியூசிலாந்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு, 800 மீட்டர் ஓட்டக்காரரான பீட்டர் ஸ்னெல்லையே 35 கிலோமீட்டர் மலைப்பாதையில் நீண்ட ஓட்டம் ஓடவைத்தார். ஸ்னெல் 1960இல் ரோமில் 800 மீட்டரிலும், 1964இல் டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். ஆனால் அவர் அப்போது வளர்ந்த ஆள். அந்தத் தூரத்தை நம் பிள்ளைகளுக்குத் தருவது தவறு. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதிலுள்ள வழிமுறையை மட்டும்தான்.

பிள்ளைகளின் மூச்சு சில வாரங்களில் பயிற்சிக்குப் பழகிவிடும். எலும்பும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் பழக மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் காயங்கள் வருகின்றன. "எனக்கு ஒன்றும் சிரமமாக இல்லை, இன்னும் ஓடுகிறேன்" என்று பிள்ளை சொல்வது பொய்யில்லை. நெஞ்சுக்குச் சிரமமில்லை, அவ்வளவுதான். கீழே கால் எலும்பு வாய்விட்டுச் சொல்வதில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பள்ளியில் நான் உதவித் தலைமையாசிரியராக இருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அற்புதமாக ஓடுவாள். பள்ளிக்குப் புள்ளிகள் வேண்டும் என்று ஒரே நாளில் 800, 1500, 3000 மூன்றிலும் அவளை இறக்கச் சம்மதித்தவள் நான். மூன்றிலும் வென்றாள். அதற்கு முன்பே காலில் வலி இருந்ததைச் சொல்லாமல் மறைத்திருந்தாள், நானும் கேட்கவில்லை. அடுத்த வாரம் முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் துடித்தாள். எலும்பில் கீறல் விழுந்திருந்தது. நான்கு மாதம் கழித்து மைதானத்துக்கு வந்தாள், பிறகு வரவில்லை. அந்த மூன்று சான்றிதழ்களையும் அவளிடம் கொடுத்தபோது அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. நம் பள்ளியில் இனி ஒரு பிள்ளை ஒரு நாளில் ஒரு நெடுந்தூரப் போட்டிக்கு மேல் ஓடாது. கோப்பை போனாலும் போகட்டும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டிய சின்னச் சோதனை ஒன்று உண்டு. வாரம் ஒரு முறை பிள்ளையின் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை முன்எலும்பின் உள்விளிம்பில் கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். பரவலாக வலித்தால் ஓய்வும் கவனிப்பும் போதும். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால் அன்றே எங்களிடம் சொல்லுங்கள், ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுவோம்.

அடுத்து வயது. நம் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ஜி. லட்சுமணன் 2017இல் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றபோது அவருக்கு 27 வயது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்து விவசாயி மகன் அவினாஷ் சாப்ளே, ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் தடகளத்துக்கே வந்தார். 2022இல் காமன்வெல்த் போட்டியில் தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் வெள்ளி வென்றபோது அவருக்கு வயது 27. கென்யாவின் எலியுட் கிப்சோகே 37 வயதில், பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் மாரத்தான் ஓடி உலக சாதனை படைத்தார். நெடுந்தூர ஓட்டம் அப்படிப்பட்ட விளையாட்டு. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அதைப் பிஞ்சிலேயே பழுக்கவைக்க அவசரப்பட வேண்டாம்.

கென்யாவின் இட்டன் ஊரிலுள்ள செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1976இல் அயர்லாந்திலிருந்து புவியியல் ஆசிரியராக அங்கே வந்தவர் பிரதர் கோல்ம் ஓகானல் என்ற கத்தோலிக்கத் துறவி. ஓட்டப் பயிற்சியாளராக வந்தவரில்லை. பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். 2012இல் லண்டனில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்த டேவிட் ருடிஷா அவரிடம் பயிற்சி பெற்றவர். 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் அது, நமக்கு அந்த உயரம் இல்லைதான். பொறுத்திருந்து பார்க்கும் ஆசிரியரும் பெற்றோரும் நம் ஊரிலும் இருக்க முடியும்.

பெண்பிள்ளைகளின் தாய்மார்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பதின்மூன்று, பதினான்கு வயதில் உடல் மாறும்போது ஓட்ட நேரம் ஓராண்டு, இரண்டாண்டு முன்னேறாமல் நிற்கலாம், பின்னே கூடப் போகலாம். அது உடம்பு வளரும் காலம். அவள் சோம்பேறியாகிவிட்டாள் என்று பேச வேண்டாம். "எடை குறைந்தால் வேகம் வரும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால் மாதவிலக்கு தள்ளிப்போகும், எலும்பு மெலியும், முன்பு சொன்ன கீறலுக்கு அதுவே வழி. மூன்று மாதம் மாதவிலக்கு வராமலிருந்தால் ஓடுகிற பிள்ளைக்கு அப்படித்தான் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். என்னிடம் நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் நம் அறிவியல் ஆசிரியையிடம் சொல்லலாம்.

வெறும் தேநீரோடு காலை ஓட்டத்துக்கு வருகிற பிள்ளைகள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். ஒரு வாழைப்பழமோ ஒரு கைப்பிடி வறுகடலையோ போதும், அதையாவது கொடுத்து அனுப்புங்கள். ஓடி முடித்த அரை மணி நேரத்துக்குள் ஏதாவது வயிற்றுக்குள் போக வேண்டும். கேழ்வரகுக் கூழும் முட்டையும் சுண்டலும் நெத்திலிக் கருவாடும் முருங்கைக்கீரையும் இருக்க, கடைப் பவுடர் எதற்கு? சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும், ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிக்கட்டும். அரை நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாக ஏறும். இந்த மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லோருக்கும் ஹீமோகுளோபின் பார்க்கிறோம். பெண்பிள்ளைகளுக்கு 12க்குக் கீழேயும், பதினைந்து வயது கடந்த ஆண்பிள்ளைகளுக்கு 13க்குக் கீழேயும் இருந்தால் டாக்டர் சொல்லும்வரை வேகப் பயிற்சி கிடையாது.

இரவு எட்டரைக்கு மேல் கைப்பேசி வேண்டாம். இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. ஐந்து மணிக்கு எழுகிற பிள்ளைக்கு அது எப்படிக் கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வருத்தமான செய்தியும் எழுத வேண்டியிருக்கிறது. சென்ற மாதம் பெயரில்லாத ஒரு டப்பாவில் மாவு கொண்டுவந்தான் ஒரு மாணவன். உறவினர் ஒருவர் வாங்கித் தந்தாராம். வாங்கிக் குப்பையில் போட்டேன். தடைசெய்யப்பட்ட பொருள் உடம்பில் இருந்தால், தெரியாமல் சாப்பிட்டேன் என்பது விடுதலைக்குப் போதுமான பதிலாகாது. பதினாறு வயதுப் பிள்ளையையும் சோதிப்பார்கள், பிள்ளையின் பெயர் ஆயுளுக்கும் கெடும். ஊசி, மாத்திரை, மாவு எதுவானாலும் எங்களைக் கேட்காமல் வேண்டாம். வயதைக் குறைத்துக் காட்டும் சான்றிதழும் அப்படித்தான், நான் கையெழுத்திட மாட்டேன்.

திருவிழாக் காலத்தில் ஊருக்கு ஊர் ஞாயிற்றுக்கிழமை ஓட்டப்போட்டி வைக்கிறார்கள், சைக்கிள் பரிசு, ரொக்கம் பரிசு. அந்த ரொக்கம் சில வீடுகளுக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும், அதனால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் தார்ச்சாலையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டரை வாரா வாரம் முழு வேகத்தில் ஓடினால் செவ்வாய்க்கிழமை மைதானத்துக்கு வருவது களைத்த கால்தான். பருவத்துக்கு இரண்டு போட்டி என்று வைத்துக்கொள்வோம், எந்த இரண்டு என்பதை உடற்கல்வி ஆசிரியர் தேர்ந்தெடுக்கட்டும். பண நெருக்கடி என்றால் என்னிடம் வாருங்கள், காலணிக்கும் பஸ் செலவுக்கும் முன்னாள் மாணவர்கள் உதவத் தயாராக இருக்கிறார்கள்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஜனவரியிலிருந்து முழுவதும் நிறுத்திவிடாதீர்கள். வாரம் நான்கு நாள், நாற்பது நிமிடம் ஓடட்டும். மூன்று மாதம் அறவே நின்றால் ஓராண்டு உழைப்பு கரைந்துவிடும்.

இந்தக் கடிதத்துடன் ஒரு நாற்பது பக்க நோட்டு வருகிறது. காலையில் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் பிள்ளையின் நாடித்துடிப்பு, தூங்கிய மணி, எங்கே வலி, என்ன சாப்பிட்டான் என்று நாள்தோறும் நான்கே வரி எழுதச் சொல்லுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக இருந்தால் அன்று நடை மட்டும். படிக்கத் தெரியாத பெற்றோர் பிள்ளையிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நூலக அறையில் கூடுவோம். நோட்டை எடுத்து வாருங்கள், தந்தையரும் வாருங்கள். மாநிலப் போட்டிக்குப் போகும் மூன்று பிள்ளைகளின் பயண ஏற்பாட்டை அன்றே பேசி முடித்துவிடலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
அரசு மேல்நிலைப் பள்ளி