பயிற்சிக்கு என்னை அனுப்பியிருக்க வேண்டும்

சென்னை ஐடி நிறுவனங்களில் மனிதவளத் துறையையும் பயிற்சித் துறையையும் நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். டைடல் பார்க் திறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தபோது வேலைக்குச் சேர்ந்தவன் நான். கோட் எழுதினேன், டீம் லீட் ஆனேன், கடைசிப் பத்து வருடம் டெலிவரி மேலாளராக, அதாவது ப்ராஜெக்ட்டை வாடிக்கையாளருக்கு முடித்துக் கொடுக்கிற பொறுப்பில் இருந்தேன். இப்போது விலகிவிட்டேன். இனி என் அப்ரைசலை யாரும் தொட முடியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். உள்ளே இருந்தபோது எழுதவில்லை என்பதையும் சேர்த்தே வாசியுங்கள்.

ஒரு வங்கிக்காகப் பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்குத் தரவை மாற்றும் வேலை. சனிக்கிழமை இரவு 4 மணி நேரம் சிஸ்டத்தை நிறுத்திவைக்க அனுமதி கிடைத்திருந்தது. வியாழக்கிழமை கூட்டத்தில் பன்னிரண்டு பேர் இருந்தோம். எல்லாரும் "ரெடி" சொல்லி முடித்த பிறகு, சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பெண், "டெஸ்ட்ல நாம கொஞ்ச டேட்டாதானே வச்சிருந்தோம்..." என்று இழுத்தார். "அதெல்லாம் பாத்தாச்சும்மா" என்றேன். நான் பார்த்திருக்கவில்லை. யாராவது பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சனி இரவு மூன்று மணி நேரம் ஓடியும் பாதித் தரவுகூட நகரவில்லை. எல்லாவற்றையும் பழையபடி திருப்பி வைப்பதற்குள் ஞாயிறு மதியம் ஆகிவிட்டது.

அதற்கடுத்த வாரம் எழுதிய அறிக்கையில், மூல காரணம் என்ற கட்டத்தில் "கம்யூனிகேஷன் கேப்" என்று நானே டைப் செய்தேன். தீர்வு என்ற கட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாள் சாஃப்ட் ஸ்கில்ஸ் பயிற்சி. தலைப்பு, "தன்னம்பிக்கையோடு பேசுதல்". மறுநாளே ஒப்புதல் வந்துவிட்டது. என்னை எந்தப் பயிற்சிக்கும் யாரும் அனுப்பவில்லை.

உங்கள் வகுப்புகளில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும், பலவற்றில் விருந்தினராக வந்து பேசியிருக்கிறேன். மின்னஞ்சலை எப்படித் தொடங்குவது, கைகுலுக்கும்போது எங்கே பார்ப்பது, வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் புரிகிற மாதிரி ஆங்கிலத்தை எப்படி உச்சரிப்பது. இதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. விருதுநகரிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் வந்து சேர்கிற பிள்ளைகளுக்கு அது உதவியிருக்கிறது. முதல் நாளே, "இங்கே யாரையும் சார் என்று கூப்பிடாதீர்கள், பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்" என்றும் சொல்லித்தருகிறீர்கள். பிள்ளைகள் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடலாம், எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்பதையும் அடுத்த வாரத்தில் தாங்களாகவே கற்றுக்கொள்கிறார்கள்.

தொழில்நுட்பம் சாராத திறன்கள் என்று நீங்கள் சொல்வதை நம்மைவிட முன்னால் கையில் எடுத்தது விமானத் துறை. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில், மூடுபனியில், இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்றான, நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன விமானத்தின் கேப்டன் அனுமதி வருவதற்கு முன்பே புறப்பட ஓடத் தொடங்கிவிட்டார். மற்றொன்றான பான் ஆம் விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என்று பின்னால் உட்கார்ந்திருந்த ஃப்ளைட் இன்ஜினியர் கேட்டார். "விலகிவிட்டது" என்று கேப்டனிடமிருந்து அழுத்தமாகப் பதில் வந்தது. கேப்டன் சாதாரண ஆள் இல்லை, அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர், விளம்பரங்களில் முகம் வந்தவர். இன்ஜினியர் இரண்டாம் முறை கேட்கவில்லை. இதை முதன்முதலில் படித்தபோது என் "பாத்தாச்சும்மா" காதில் விழுந்தது.

அடுத்த வருடம் டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகருக்கு மேலே யுனைடெட் விமானம் ஒன்று, சக்கரம் சரியாக இறங்கியதா என்ற சந்தேகத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டே இருந்து, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைகிறது என்பது உடன் இருந்தவர்களுக்குத் தெரியும், சொல்லவும் செய்தார்கள். கேப்டன் காதில் ஏறுகிற மாதிரிச் சொல்லவில்லை. 1979-இல் நாசா இதற்காகவே ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981-இல் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்கு முழுப் பயிற்சியாகவே அதைக் கொண்டுவந்தது. இளையவர்களுக்கு உரக்கச் சொல்லப் பழக்கினார்கள், சரி. ஆனால் கேப்டன்களையும் அதே அறையில் உட்காரவைத்தார்கள். இடித்துச் சொல்கிறவன் சொல்வதைக் கேட்பதும் விமானம் ஓட்டுகிற வேலையில் ஒரு பகுதி என்று சொல்லிக்கொடுத்தார்கள். மூத்த விமானிகள் சிலர் இதை மனோதத்துவக் கூத்து என்று கிண்டல் செய்தார்களாம். நம் மேலாளர்களும் செய்வார்கள், நான் முதல் ஆளாகச் செய்திருப்பேன்.

நம்மிடம் என்ன நடக்கிறது? வாராந்திர ரிப்போர்ட்டில் வேலை சரியாகப் போனால் பச்சை, சிக்கல் என்றால் சிவப்பு. நம் ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சை. தர்ப்பூசணி ரிப்போர்ட் என்று நாமே சிரித்துக்கொள்வோம், வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. சிவப்பு காட்டுகிறவனை இரவோடு இரவாக மூன்று பேர் அழைத்துக் கேள்வி கேட்பார்கள், வருடக் கடைசியில் அவன் ரேட்டிங் ஒரு படி கீழே போயிருக்கும். அப்புறம் எவன் காட்டுவான்? 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைக் கணக்கெடுத்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். அந்தக் குழுக்களில்தான் எண்ணிக்கை கூடுதலாக வந்தது. அங்கே செவிலியர்கள் தவறை மறைக்காமல் சொன்னார்கள், அவ்வளவுதான். உங்கள் டாஷ்போர்டில் நான்கு மாதமாகப் பச்சையாகவே இருக்கும் ப்ராஜெக்ட்டைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இப்போது ஏஐ வந்துவிட்டது. கோடில் பெரும்பகுதியை அது எழுதித் தருகிறது, எத்தனை பேர் வேலை போகும் என்ற பேச்சு காபி மெஷின் பக்கத்தில் நாள் முழுக்க ஓடுகிறது. பயந்தவன் வாயைத் திறக்க மாட்டான், அது ஒரு பக்கம். இன்னொன்றை நான் விலகுவதற்குக் கொஞ்சம் முன்னால் கவனித்தேன். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் பக்கத்து இருக்கையில் இருக்கும் சீனியரிடம் ஒரு சந்தேகமும் கேட்பதில்லை, எல்லாவற்றையும் ஏஐயிடமே கேட்கிறான். ஏன் என்று கேட்டேன். "அது 'இதுகூடத் தெரியாதா'ன்னு கேக்காதுல்ல" என்றான்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த வாடிக்கையாளர் மாதக் கடைசியில் எந்த மாற்றத்தையும் ஏற்க மாட்டார் என்பதும், 2011-இல் அவசரமாக எழுதிய ஒரு ப்ரோகிராம் ஸ்கிரிப்டை இன்றுவரை யாரும் தொடுவதில்லை என்பதும் அந்த சீனியரின் தலைக்குள்தான் இருக்கின்றன. பையன் அவரிடம் கேட்டால்தான் அவை இடம் மாறும். அவர் முகம் சுளித்தே பழகியவர். அவரை அப்படிப் பழக்கியவர்களில் நானும் ஒருவன்.

அதனால் கேட்கிறேன். அடுத்த சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பை மேலாளர்களிடமிருந்து தொடங்குங்கள். அவர்களுக்குப் பேசக் கற்றுத்தர வேண்டாம், அது போதும் போதும் என்ற அளவுக்குத் தெரியும். கெட்ட செய்தி வந்த முதல் ஒரு நிமிடத்தில் வாயை எப்படி வைத்துக்கொள்வது என்று மட்டும் கற்றுக்கொடுங்கள். "கம்யூனிகேஷன் கேப்" என்று எழுதிய எந்த அறிக்கையையும் ஏற்காதீர்கள். யார், எந்தத் தேதியில், என்ன வார்த்தையில் சொன்னார், அதற்கு என்ன பதில் கிடைத்தது என்று எழுதித் தரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. என் பெயர் அந்தக் கட்டத்தில் வந்திருந்தால் நான் எட்டு வருடம் முன்பே திருந்தியிருக்கலாம்.

அந்தப் பெண் பயிற்சி முடித்து, சான்றிதழ் வாங்கி, எட்டு மாதத்தில் ராஜினாமா செய்தார். வெளியேறும் படிவத்தில் காரணம் "நல்ல வாய்ப்பு" என்று இருக்கும். வேறு எதையாவது எழுதுவதற்கு அவருக்கு நாங்கள் இடம் வைக்கவில்லை.

உங்களில் யாராவது அப்படி ஒரு வகுப்பு வைத்தால் நான் வருகிறேன், சனிக்கிழமை என்றாலும் சரி. அந்த வியாழக்கிழமை கூட்டத்தை நிமிட வாரியாகச் சொல்கிறேன். முதல் வரிசையில் மேலாளர்களை உட்காரவையுங்கள்.

இப்படிக்கு,
சோழிங்கநல்லூரிலிருந்து ஒரு முன்னாள் டெலிவரி மேலாளர்