ரிப்போர்ட்டைப் படிப்பதற்கு முன் இதைப் படி

மாட்டுங்கா, மும்பை.

அன்புள்ள கயல்விழிக்கு,

நானும் அப்பாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் முழங்கை ஸ்கேன் ரிப்போர்ட்டை நேற்று இரவே உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டதாக அப்பா இன்று காலை காபி ஆற்றிக்கொண்டே சொன்னார். அதில் தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார், ஓரளவு கிழிந்திருப்பதாக ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்ததும் டப்ளினிலிருந்து மும்பைக்கு விமானக் கட்டணம் எவ்வளவு என்று நீ பார்க்கத் தொடங்கியிருப்பாய். ஆகவே, போனில் பாதியும் மீதியுமாகப் பேசுவதைவிட, நடந்ததை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் சொல்லச் சொல்ல அப்பா தட்டச்சு செய்கிறார். இடையிடையே அவர் நுழைக்கப் பார்க்கும் சொந்தக் கருத்துகளை நான் அனுமதிக்கவில்லை.

வலி தொடங்கிய புதிதிலேயே இந்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனை எடுத்துவிடும்படி நீ சொன்னாய். டாக்டர் இப்போது தேவையில்லை என்கிறார் என்று நான் சொன்னபோது, செலவுக்குப் பயந்து அம்மா சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தாய். அப்படியில்லை. எலும்பு மூட்டு டாக்டர் முதல் நாளில் என் வலது முழங்கையின் வெளிப்பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, விரல்களை மடக்கி, மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்தச் சொல்லிவிட்டு, அதைத் தன் கையால் கீழே தள்ளினார். அடுத்து நடுவிரலை மட்டும் விறைப்பாக நீட்டச் சொல்லி அதையும் தள்ளினார். மூன்று முறையும் அதே இடத்தில் சுரீரென்றது. மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகள் ஒரே நாணாகச் சேர்ந்து அந்த முனையில்தான் ஒட்டியிருக்கின்றன என்றும், டென்னிஸ் எல்போ என்பது இதுதான் என்றும் சொன்னார். டென்னிஸ் மட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்காத எனக்கு, பணி ஓய்வு பெறும்வரை கரும்பலகையில் எழுதியதும், தீபாவளிக்கு மூன்று வீட்டுக்குச் சேர்த்து முறுக்கு அச்சைத் திருகித் திருகிப் பிழிந்ததும் போதுமாக இருந்திருக்கிறது.

இது வெறும் வீக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த நாணின் இழைகள் நைந்து, சரியாக ஆறாமல் அப்படியே நின்றுவிடுவதுதான் இதன் அடிப்படை என்றும், பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலே குறைந்துவிடும் என்றும் அவர் விளக்கினார். கையால் தொட்டே நோய் தெரிந்துவிட்ட பிறகு, ஸ்கேன் எதைக் காட்டினாலும் அப்போதைக்குச் செய்யப்போகும் வைத்தியம் மாறாது என்பது அவர் கணக்கு. என் வயதில் வலியே இல்லாத பலருக்கும்கூட ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் அந்த நாணில் ஏதாவது மாறுதல் தெரியுமாம். எலும்பில் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ள எக்ஸ்ரே மட்டும் எடுத்துவிட்டு, முழங்கைக்குச் சற்றுக் கீழே கட்டிக்கொள்ளும் பட்டையையும் பிசியோதெரபியையும் எழுதிக்கொடுத்தார்.

நடுவில், வீட்டுக்கு அருகிலிருக்கும் வேறொரு டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில வாரங்களுக்கு அது நன்றாகவே கேட்டது. சாம்பார்ப் பாத்திரத்தை ஒரே கையால் அடுப்பிலிருந்து இறக்கினேன். பிறகு வலி முன்பைவிடக் கடுமையாகத் திரும்பி வந்தது. அந்த ஊசி குறுகிய காலத்துக்குப் பலன் தந்தாலும், ஒரு வருடம் கழித்துப் பார்க்கும்போது அதைப் போட்டுக்கொள்ளாதவர்களே நல்ல நிலையில் இருக்கிறார்கள் என்று ஆய்வுகளில் தெரிந்திருப்பதாக எங்கள் டாக்டர் சொன்னார். ஆகவே இன்னொரு ஊசி போட்டுக்கொள் என்று யார் சொன்னாலும், நீயே சொன்னாலும், நான் சம்மதிக்கப் போவதில்லை.

அப்படியானால் இப்போது மட்டும் ஏன் ஸ்கேன் என்று கேட்பாய். பயிற்சிகளை ஒழுங்காகச் செய்தும் ஆறு மாதத்துக்கு மேலாக வலி நகரவில்லை என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழும்போது முழங்கை மூட்டு வெளிப்பக்கமாக வழுக்குவது போன்ற ஓர் உணர்வு புதிதாக ஏற்பட்டதுதான். இதைச் சாதாரணமாகத்தான் சொன்னேன்; டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். மூட்டின் வெளிப்பக்கத்தைப் பிடித்து நிறுத்தும் லிகமென்ட் பழுதானால் அப்படி நேரலாம் என்றும், அது எக்ஸ்ரேயில் தெரியாது என்றும், இனி ஊகித்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை என்றும் சொல்லி, அன்றே ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார். கட்டணம் 7,000 ரூபாய். மருத்துவமனையில் சேராமல் எடுக்கும் ஸ்கேனுக்கு நம்முடைய மெடிகிளெய்மில் பணம் வராது. நீ அனுப்ப வேண்டாம், கட்டியாகிவிட்டது.

ஸ்கேனைவிட அதற்கு முந்தைய நாள்தான் பெரும்பாடாகப் போயிற்று. உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். தாலிக்கொடியைக் கழற்றுவதற்கு முன்பே மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிப் போட்டுக்கொண்டேன். வளையலும் தோடும் சுலபமாக வந்துவிட்டன; மெட்டியைச் சோப்பு நுரை போட்டு வழுக்கி எடுத்தோம். மூக்குத்திதான் அசையவில்லை. உன் கல்யாணத்துக்குப் புதிதாகப் போட்டுக்கொண்ட பிறகு அதன் திருகை யாரும் தொட்டதேயில்லை. அப்பா விளக்கெண்ணெயும் தானுமாக அரை மணி நேரம் போராடிவிட்டுத் தோற்றுப்போனார். கடைசியில் மார்க்கெட் பக்கத்து நகைக்கடைக்குப் போனோம். அங்கே வேலை செய்யும் ஆசாரி, மூக்கின் உள்பக்கம் குச்சி போன்ற ஓர் இடுக்கியை நுழைத்து, என்னைத் தும்மாமல் இருக்கச் சொல்லிவிட்டு, இரண்டே திருகில் எடுத்துவிட்டார். காசு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று அப்பா அலுத்துக்கொண்டார். எனக்கு அலுப்பில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊசிக் காந்தத்தை வைத்துப் பூமியின் காந்தப்புலத்தைக் காட்டியவள் நான். ஸ்கேன் இயந்திரமே ஒரு பெரிய காந்தம்தான்; அந்த அறையில் இருந்ததன் வலிமை, காந்தப்புலத்தை அளக்கும் அலகில், 1.5 டெஸ்லா, பூமியின் புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு. ஸ்கேன் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் அணைவதில்லை. 2018 ஜனவரியில் இதே மும்பையில், உறவினரை ஸ்கேனுக்கு அழைத்துச் சென்ற ஓர் இளைஞர், இயந்திரம் இயங்கவில்லை என்று நம்பி ஆக்சிஜன் சிலிண்டருடன் அந்த அறைக்குள் நுழைந்து, காந்தம் இழுத்ததில் உயிரிழந்தார். செய்தித்தாளில் படித்தது உனக்கும் நினைவிருக்கும். ஆகவே, உடம்பில் பேஸ்மேக்கர் உண்டா, எலும்பில் தகடு உண்டா, கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டதுண்டா என்று படிவத்தில் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் எழுதினேன். அப்படியும், அவர்கள் கொடுத்த அங்கியை மாற்றிக்கொண்டு வந்தபோது, தலையிலிருந்த ஒரு ஹேர்பின்னை அங்கிருந்த பெண்தான் கண்டுபிடித்து எடுத்தாள்.

முழங்கைக்கு என்று ஒரு சங்கடம் இருக்கிறது. காந்தத்தின் நடுப்பகுதியில் இருப்பதுதான் தெளிவாகப் பதிவாகும். முழங்கையோ உடம்பின் ஓரத்தில் இருக்கிறது. அதனால் குப்புறப் படுத்து, வலது கையைத் தலைக்கு மேல் நீட்டச் சொன்னார்கள். என் தோள்பட்டை இறுக்கம் உனக்குத் தெரியும். இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. வலியோடு படுத்தால் கை நடுங்கிப் படம் கலங்கிவிடும் என்று டெக்னீஷியனே சொல்லி, மல்லாந்து படுக்கவைத்து, படுக்கையின் இடது ஓரத்துக்கு என்னை நகர்த்தி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையைப் பக்கத்தில் வைத்து, வளைந்துகொடுக்கும் ஒரு பட்டையை முழங்கையைச் சுற்றிக் கட்டி, இருபுறமும் பஞ்சு மெத்தைத் துண்டுகளைச் செருகினான். இடது கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, பயமாக இருந்தால் அமுக்கும்படி சொன்னான். காதில் பஞ்சும் அதன்மேல் ஹெட்போனும் வைத்த பிறகும் சத்தம் குறையவில்லை. முதலில் தட்டுகிற சத்தம், பிறகு ஒரே சீரான உறுமல், சற்று மௌனம், மறுபடி வேறொரு தாளம். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள்களில் மின்சாரத்தை வேகமாகப் பாய்ச்சிப் பாய்ச்சி நிறுத்துவதால் அவை அதிர்ந்து எழுப்பும் சத்தம் அது. காரணம் தெரிந்திருந்தது எனக்குப் பெரிய துணையாக இருந்தது. ஒவ்வொரு முறை சத்தம் மாறுவதற்கு முன்பும் அந்தப் பையன் ஹெட்போனில் "மாவ்ஷி, ஹலு நகா" என்று மராத்தியில் அசையாதே என்பான். அரை மணி நேரம் ஆகியிருக்கும். வலி இல்லை, எக்ஸ்ரேயில் வரும் கதிர்வீச்சும் இல்லை. எக்ஸ்ரேயோடு இதைக் குழப்பிக்கொண்டு பயப்படுகிறவர்கள் நம் கட்டடத்திலேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

இனி ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். நம் உடம்பிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ரேடியோ அலைக்குக் காட்டும் எதிர்வினைதான் படமாகிறது. நல்ல தசைநாணில் நீர் நார்களுக்குள் இறுகக் கட்டுண்டு கிடப்பதால் அது கறுப்பாக விழும். நைந்த இடத்தில் நீர் தளர்வாகச் சேர்வதால் வெளுத்துத் தெரியும். டாக்டர் ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி, கறுப்புப் பட்டையின் அடிப்பக்கத்தில், எலும்பை ஒட்டி, அரிசி மணி அளவுக்கு ஒரு வெளுத்த இடத்தைப் பேனா நுனியால் காட்டினார். நீளம் 4 மில்லிமீட்டர். கிணற்றுக் கயிற்றில் ஒரு புரி மட்டும் விட்டிருந்தால் வாளி விழுந்துவிடாது அல்லவா, அந்த நிலைமைதான். மற்ற இழைகள் எலும்பை நன்றாகவே பற்றியிருக்கின்றன. எதற்காக ஸ்கேன் எடுத்தோமோ அந்த லிகமென்ட் முழுதாக இருக்கிறது. மூட்டில் நீர் கோக்கவில்லை, உடைந்த துண்டு எதுவும் இல்லை, நரம்பும் சரியாக இருக்கிறது. நீ அந்த ஒரு வரியைப் படித்தாய். நானும் டாக்டரும் மகிழ்ந்தது அதற்குக் கீழே இருக்கும் நான்கு வரிகளுக்காக. வழுக்குவது போன்ற உணர்வு, வலிக்குப் பயந்து தசைகள் சட்டென்று பிடியை விடுவதால் வருவதாக இருக்கலாம் என்கிறார். அடுத்த முறையும் சோதித்துப் பார்ப்பார்.

ஆகவே இப்போதைக்கு அறுவை சிகிச்சை இல்லை. என் ரத்தத்திலிருந்தே எடுத்துப் போடும் பி.ஆர்.பி. ஊசி பற்றி நானே கேட்டேன். ஆய்வுகள் அதில் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன என்று அவரே சொன்னதால் விட்டுவிட்டேன். பிசியோதெரபியை மட்டும் மாற்றியிருக்கிறார். முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விட்டு, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்கிறேன். மேலே தூக்குவதற்கு இடது கை உதவுகிறது. கீழே இறக்குவதை மட்டும் வலது கை தனியாக, மிக மெதுவாகச் செய்கிறது. லேசான வலி இருந்தால் பரவாயில்லையாம், மறுநாளும் நீடித்தால் எடையைக் குறைக்க வேண்டுமாம். துணி பிழிவதும் கிரைண்டர் கல்லைத் தூக்குவதும் இப்போது அப்பாவின் இலாகா. தேங்காயை வேலைக்கு வரும் பாயி துருவித் தந்துவிடுகிறாள்.

நீ கோடை விடுமுறைக்குப் போட்டிருக்கும் டிக்கெட்டிலேயே வந்தால் போதும். அதற்காகக் குழந்தையின் பள்ளியைக் கெடுக்காதே. படங்களை அங்கே யாரிடமாவது காட்ட விரும்பினால், ஸ்கேன் சென்டர் கொடுத்த இணைப்பை அப்பா தனியாக அனுப்புவார். அது ஒரு மாதம்தான் வேலை செய்யுமாம், அதற்குள் இறக்கி வைத்துக்கொள். டாக்டரை அடுத்த வெள்ளிக்கிழமை பார்க்கிறேன். உனக்குக் கேள்விகள் இருந்தால் வியாழன் இரவுக்குள், ஒன்று விடாமல், ஒரே செய்தியில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா