மருந்தை நிறுத்தச் சொல்லும் நான்கு வாரம்: நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பெரும்பாலும் கண் பிரஷர் ஏறி, பார்வை நரம்பை மெல்லச் சிதைக்கும் திறந்த கோணக் கிளாக்கோமாவுக்கான புதுச் சொட்டு மருந்து ஆய்வுகள் உங்கள் ஒப்புதலுக்கு வரும்போது, புது மருந்தின் பக்கவிளைவுகள் எழுதிய பக்கத்தோடு வாசிப்பை நிறுத்திவிடாதீர்கள். அந்த மருந்து கண்ணில் விழுவதற்கு முன்பே ஆபத்து தொடங்கிவிடுகிறது. பழைய மருந்தை நிறுத்திவைக்கும் காலத்தை, ஆய்வுக்காரர்கள் வாஷ்அவுட் என்பதை, வரி வரியாகப் படியுங்கள்.

மருந்தில்லாத நிலையில் கண் பிரஷர் எவ்வளவு என்று தெரிந்தால்தான் புது மருந்து எவ்வளவு குறைத்தது என்று சொல்ல முடியும். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. பிரஷரைக் குறைக்க இப்போது தரப்படும் மருந்துகளில் லட்டானோபிராஸ்ட் வகைக்கும் டிமோலாலுக்கும் வழக்கமாக 4 வாரம், பிரிமோனிடினுக்கு 2 வாரம், டோர்சோலமைடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரைக்கும் 5 நாள் முதல் ஒரு வாரம் வரை நிறுத்துகிறார்கள். ஒரே குப்பியில் இரண்டு மருந்து கலந்திருந்தால் நீண்ட கெடுதான் கணக்கு. நோயாளிக்குத் தெரிந்தது குப்பியின் மூடி நிறம் மட்டுமாக இருக்கலாம். குப்பியையே கொண்டுவரச் சொல்லிப் பார்த்து எழுதுவதுதான் சரி.

இந்த 4 வாரத்தில் பிரஷர் மெல்ல ஏறும். வலிக்காது, மங்காது. சொட்டு மருந்தால் வந்த சிவப்பும் எரிச்சலும் போய்விடுவதால் கண் முன்னைவிட நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். ‘மருந்தில்லாமலே நன்றாகத்தானே இருக்கிறது’ என்று ஒருவர் வராமலே இருந்துவிட்டால், அவரைத் தேடிப் பிடிப்பது யார்? அந்தப் பொறுப்பு யாருடையது என்று ஆய்வுத் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரியது. பல ஆய்வுகளில், மருந்தை நிறுத்திய பிறகு பிரஷர் 22 அல்லது 24 மி.மீ. பாதரசத்துக்கு மேல் இருந்தால்தான் சேர்ப்பார்கள். 4 வாரம் மருந்தின்றி இருந்தவருக்கு 20 வந்தால் ‘நீங்கள் தகுதி பெறவில்லை’ என்று அனுப்பிவிடுவார்கள். அவர் ஆய்வில் இல்லை, ஆனால் ஆய்வுக்காக மருந்தை நிறுத்தியவர். அன்றைக்கே பழைய மருந்துக் குப்பியை இலவசமாகக் கையில் கொடுத்து, சில வாரத்தில் பிரஷரை மீண்டும் பார்ப்போம் என்ற உறுதி தகவல் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

யாருக்கு வாஷ்அவுட் கூடவே கூடாது என்பதும் எண்ணாக இருக்க வேண்டும். நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று அளக்கும் பார்வைப் புலச் சோதனையில் சராசரி இழப்பு 12 டெசிபெலைத் தாண்டியவர்கள், மையத்துக்கு அருகே இழப்பு உள்ளவர்கள், ஒரே கண்ணில் பார்வை உள்ளவர்கள் விலக்கப்பட வேண்டும். ‘ஆய்வாளரின் முடிவுப்படி’ என்ற சொற்றொடர் போதாது. இரண்டாம் வாரத்தில் ஒரு பிரஷர் சோதனையும், எத்தனை எட்டினால் உடனே மருந்தைத் தொடங்குவது என்ற வரம்பும் தேவை.

நாங்கள் மருந்தில்லாக் குழுவையே எதிர்க்கிறவர்கள் என்று எண்ண வேண்டாம். 2015இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் புதிதாக நோய் கண்ட 516 பேரில் ஒரு பாதிக்கு லட்டானோபிராஸ்ட், மறுபாதிக்கு மருந்தில்லாச் சொட்டு. முற்றிய நோயாளிகளைச் சேர்க்கவில்லை. 24 மாதத்தில் 11 வருகைகள் வைத்துக் கண்காணித்தார்கள். பார்வைப் புலம் மோசமானவர்கள் மருந்தில்லாக் குழுவில் 25.6 சதவீதம், மருந்துக் குழுவில் 15.2. மருந்தில்லாமல் இருப்பதன் விலை என்ன என்பதற்கும் அந்த எண்களே சான்று. கண்காணிப்பு அந்த அளவுக்கு இறுக்கமாக இருந்தால் எங்களுக்கும் சம்மதம்தான்.

புது மருந்தோடு ஒப்பிடும் மருந்து டிமோலால் என்றால், அது மூச்சையும் இதயத் துடிப்பையும் பாதிக்கக்கூடியது; ‘ஆஸ்துமா உண்டா?’ என்ற கேள்வி மட்டும் உதவாது. இல்லை என்று சொல்கிறவரே ‘இழுப்பு’, ‘வீசிங்’, ‘பம்ப்’ என்றால் ஆமாம் என்பார். நாடித் துடிப்பு எண்ணப்பட வேண்டும். இதய அடைப்பு உள்ளவருக்கு இந்த மருந்து ஆகாது.

அளவீட்டிலும் ஒரு சங்கடம். பிரஷரை காலை 8, 10, மாலை 4 மணி என்று எடுக்கிறார்கள். வெளியூர்க்காரர் 8 மணிக்கு நாற்காலியில் உட்கார வேண்டுமென்றால் முந்தின இரவே கிளம்ப வேண்டும். பயணப்படியில் தங்கும் செலவும் உடன் வருபவர் செலவும் சேர்ந்திருக்கட்டும். தூங்காமல், பதற்றத்தோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இறுக்கிய காலரோடு உட்கார்ந்தால் அளவு கூடவே காட்டும். அளப்பதற்காகக் கண்ணில் விடும் ஃப்ளோரசீன் சாயம் அதிகமானாலும் அப்படியே. பிரஷரை அளக்கும் கோல்ட்மேன் கருவியில் குமிழைத் திருப்புகிறவர் ஒருவர், எண்ணைப் படிப்பவர் இன்னொருவர் என்று இருந்தால் விருப்பத்துக்கேற்ற எண் வராது. தகுதி எண்ணுக்கு அருகே இருக்கும் நோயாளியிடம்தான் இது முக்கியம்.

கடைசியாக, இந்தியாவின் 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளில், ஆய்வு முடிந்த பின் மருந்தை இலவசமாகத் தருவதற்கான ஏற்பாடு, மாற்றுச் சிகிச்சை இல்லாத நிலைக்கே பொருந்தும். கிளாக்கோமாவுக்கு மாற்று மருந்துகள் உண்டு. ஆகவே விதியை நம்பி இருக்க முடியாது. கடைசி வருகையன்று பழைய மருந்தின் சீட்டும் ஒரு மாதக் குப்பியும் தருவதாக எழுதி வாங்குங்கள். தமிழ்த் தகவல் தாளை உங்கள் குழுவின் மருத்துவர் அல்லாத உறுப்பினரிடம் கொடுத்து, ‘எத்தனை நாள் மருந்தில்லாமல் இருக்கச் சொல்கிறார்கள்?’ என்று கேளுங்கள். அவரால் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடியாவிட்டால் தாளைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கிளாக்கோமா ஆய்வு ஆவணங்களை நோயாளர் தரப்பில் நின்று வாசிப்போர்